கிரேக்கர்களிடம் இவ்வளவு கப்பல்கள் எப்படி வந்தன?

கேள்வி இதுதான்: ஒரு கோடிப் பேர் மட்டுமே வாழும் கிரீஸ், 2010-க்குப் பிறகு கடனில் தத்தளித்த கிரீஸ், வணிகக் கப்பல் துறையில் உலகின் உச்சியில் இருப்பது எப்படி? பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வரும் கடலோடி மரபுதான் காரணமா?

முதலில் அளவு. கிரேக்க முதலாளிகள் கையில் சுமார் 5,000 கப்பல்கள் இருக்கின்றன. சுமக்கும் எடையை வைத்துப் பார்த்தால் உலக மொத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. சீனா மிக அருகில் வந்துவிட்டது, வேறு சில கணக்குகளில் முந்தியும்விட்டது. ஆனால் சீனா தன் சொந்த இரும்புத்தாதுவையும் நிலக்கரியையும் ஏற்றி இறக்கக் கப்பல் வைத்திருக்கிறது. கிரீஸின் சொந்த ஏற்றுமதி இறக்குமதிக்கு அந்த 5,000 கப்பல்களில் சின்னஞ்சிறு பகுதி போதும். மீதி எல்லாம் அடுத்தவர் சரக்கு: பிரேசிலின் தாது, சவூதியின் கச்சா எண்ணெய், ஆஸ்திரேலியாவின் கரி. ஆக, கிரேக்கர்கள் விற்பது சரக்கை அல்ல, கப்பலின் வாடகையை.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மரபு பற்றிய கேள்விக்குப் பதில் எளிதாகிவிடும். 2,500 ஆண்டுகளாக அறுபடாத மரபு என்பதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். நடுவில் பல நூற்றாண்டுகள் அறுந்துதான் கிடந்தது. திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது ஒரு தொழில்முறை: நிலம் கைவிட்ட இடத்தில் கப்பல், கப்பலுக்குச் சொந்தக்காரர்களின் பணம், போதாததற்குக் கடன், எவர் சரக்கானாலும் எந்தக் கொடியானாலும் சரி என்ற போக்கு.

பழைய கதையில் எனக்கு மிகவும் பிடித்தது ஏதென்ஸின் கடல் கடன். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தன் கோதுமையில் பெரும்பகுதியைக் கருங்கடல் பக்கமிருந்து, இன்றைய கிரிமியா வட்டாரத்திலிருந்து, இறக்குமதி செய்தது. அந்நகரின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமோஸ்தனீஸ் தன் உரை ஒன்றில், அங்கிருந்து ஆண்டுக்கு 4,00,000 மெதிம்னோஸ் (அந்தக் காலத்துத் தானிய அளவை) தானியம் வருவதாகச் சொல்கிறார். தோராயமாக 16,000 டன். தானியம், தாது போன்றவற்றை மூட்டை கட்டாமல் மொத்தமாக ஏற்றும் இன்றைய ஒரு சிறிய பல்க் கப்பல் ஒரே நடையில் அதைப்போல இரண்டு மடங்கு கொண்டுவந்துவிடும். அன்று அதற்கு நூற்றுக்கணக்கான மரக்கப்பல் நடைகள் தேவைப்பட்டன. அத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? வட்டிக்குத்தான்.

டெமோஸ்தனீஸ் பெயரில் கிடைக்கும் நீதிமன்ற உரைகளில் அப்படி ஒரு கடன் பத்திரம் அப்படியே இருக்கிறது. 3,000 திராக்மா (அன்றைய கிரேக்க நாணயம்) கடன். மெண்டே ஊரில் 3,000 ஜாடி ஒயின் ஏற்றி, கருங்கடலுக்குக் கொண்டுபோய் விற்று, திரும்பும் சரக்கோடு ஏதென்ஸ் வர வேண்டும். வட்டி ஆயிரத்துக்கு 225. இலையுதிர் காலத்தில் ஆர்க்டூரஸ் விண்மீன் உதித்த பிறகு கருங்கடலை விட்டுக் கிளம்பினால் வட்டி ஆயிரத்துக்கு 300, ஏனென்றால் புயல் காலம் தொடங்கிவிடும். கப்பல் பத்திரமாகத் திரும்பினால் 20 நாளுக்குள் அசலும் வட்டியும் கொடுக்க வேண்டும். மூழ்கிவிட்டால் எதுவும் திருப்பித்தர வேண்டாம். கடனும் காப்பீடும் ஒரே தாளில். நிலத்தில் சாதாரணமாக ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி ஓடிய ஊரில், ஒரு பருவத்துக்கு இருபத்திரண்டரை என்றால் எவ்வளவு ஆபத்தைக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

‘மூழ்கினால் தர வேண்டாம்’ என்று ஒரு விதி இருந்தால் மூழ்கடிக்க ஆள் வராமலா இருப்பான்? இன்னொரு வழக்கில் ஹெகெஸ்ட்ராடோஸ் என்ற மசாலியாக்காரன் (இன்றைய மார்சே) சிராகூஸ் நகரில் கடன் வாங்கி, பணத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, சரக்கே ஏற்றாமல் கிளம்புகிறான். கரையைவிட்டு இரண்டு மூன்று நாள் தூரம் போனதும் ராத்திரியில் கீழே இறங்கிக் கப்பலின் அடியை அறுக்கிறான். சத்தம் கேட்டுப் பயணிகள் பிடிக்க வர, படகில் தப்பிக்கலாம் என்று கடலில் குதித்தவன் இருட்டில் படகைத் தவறவிட்டு மூழ்கிப்போனான். கப்பல் பத்திரமாகக் கெஃபலோனியா தீவு சேர்ந்தது. காப்பீட்டுக்காகக் கப்பலைத் தானே மூழ்கடிக்கும் மோசடிக்கு, எனக்குத் தெரிந்து இதைவிடப் பழைய சாட்சி இல்லை.

அந்தக் காலத்துச் சாதாரண சரக்குக் கப்பல் எப்படி இருந்தது என்பதும் தெரியும். சைப்ரஸின் கிரீனியா கரைக்கு அப்பால் 1965-இல் ஒரு முக்குளிப்பவர் கண்டெடுத்த கப்பல், ஏறக்குறைய கி.மு. 300-ஐச் சேர்ந்தது. நீளம் 14 மீட்டர் அளவுதான். உள்ளே சுமார் 400 ஜாடிகள், பெரும்பாலும் ரோட்ஸ் தீவின் ஒயின். ஆயிரக்கணக்கான பாதாம் கொட்டைகள், மாவரைக்கும் கற்கள். குவளையும் கரண்டியும் நான்கு நான்காக இருந்ததால் ஆட்கள் நான்கு பேர் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். பலமுறை ஒட்டுப்போட்டு ஓட்டிய பழைய கப்பல். பழைய கப்பலைச் செலவில்லாமல் கடைசிவரை ஓட்டுவது என்கிற விஷயம் இந்தக் கதையில் இன்னும் வரும்.

ரோட்ஸ் என்றதும் இன்னொன்று. புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவர் சரக்கைக் கடலில் எறிந்தால், நஷ்டத்தைச் சரக்கு தப்பித்த எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்பது ரோட்ஸ் தீவின் வழக்கம். ரோமானியச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது, அங்கிருந்து இன்றைய கடல் சட்டத்துக்கு வந்தது. 2021-இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற கண்டெய்னர் கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டதே, அதன் சொந்தக்காரர்கள் இதே விதியைத்தான் அமல்படுத்தினார்கள். உள்ளே கண்டெய்னர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் மீட்புச் செலவில் தங்கள் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் சரக்கைப் பார்க்க முடிந்தது.

நம் கரைக்கும் இந்தத் தொழில் வந்தது. முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலத்தை அகநானூற்றின் 149-ஆம் பாடல் சொல்கிறது. மறுபக்கத்துச் சாட்சி வியன்னாவில் இருக்கும் ஒரு கிரேக்கமொழிப் பாப்பிரஸ். கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் ஒரு பக்கத்தில் முசிறிப் பயணத்துக்கான கடன் ஒப்பந்தம் பற்றிய விவரம், மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு, ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்). சாம்ராஜ்யம் ரோமுடையது, கிளம்பிய துறைமுகம் எகிப்துடையது, கடன் பத்திரம் மட்டும் பழைய கிரேக்க வழியிலேயே.

அப்புறம் வருவதுதான் அறுந்த பகுதி. பைசாந்தியப் பேரரசு 1082-இல் படை உதவிக்குக் கைமாறாக வெனிஸ் வணிகர்களுக்குச் சுங்க விலக்கு கொடுத்தது. சொந்தக் குடிமகன் சுங்கம் கட்ட வேண்டும், வெளியூர்க்காரன் கட்ட வேண்டாம். அதற்குப் பின் வெனிஸும் ஜெனோவாவும் கடலை எடுத்துக்கொண்டன. ஒட்டோமான் ஆட்சியிலும் கிரேக்கர்கள் கடலில் இருந்தார்கள், ஆனால் மாலுமிகளாகவும் சின்னப் படகுக்காரர்களாகவும். உலக அளவில் பேச எதுவும் இல்லை.

இன்றைய கிரேக்கக் கப்பல் தொழில் பிறந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் என்பதே என் கணிப்பு. 1774-இல் ரஷ்யாவிடம் தோற்ற ஒட்டோமான் பேரரசு குச்சுக் கைனார்ஜா உடன்படிக்கையில் கருங்கடலை ரஷ்யக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டது. 1783-இல் வந்த வணிக ஒப்பந்தத்துக்குப் பின் கிரேக்கக் கப்பல்கள் தாராளமாக ரஷ்யக் கொடி ஏற்றிக்கொண்டு போய்வந்தன. கொடியை வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் பழக்கம், இன்று வெளிநாட்டு முதலாளிகள் கப்பலைப் பதிவுசெய்யும் பனாமா, லைபீரியாவில் தொடங்கியதல்ல.

வளர்ந்த இடங்களைப் பாருங்கள்: ஹைட்ரா, ஸ்பெட்செஸ், ப்சாரா. ஹைட்ரா வெறும் பாறை, குடிநீருக்கே திண்டாட்டம். விவசாயம் கிடையாது என்பதால் கப்பல்தான் வயிற்றுப்பாடு. ஒரு கப்பலைப் பல பங்காகப் பிரித்து உறவினரும் ஊராரும் பணம் போட்டார்கள். சரக்கு வாங்கவும் அதேபோல் பங்கு. லாபத்தில் முதல் போட்டவர்களுக்கு ஒரு பகுதி, கப்பலுக்கும் மாலுமிகளுக்கும் ஒரு பகுதி. கேப்டன் பெரும்பாலும் பங்குதாரர், மாலுமி அவருடைய மைத்துனரோ தம்பி மகனோ. திருட்டுக்கும் சோம்பலுக்கும் வழி குறைவு. நெப்போலியன் போர்களின்போது ஆங்கிலேயக் கடற்படை துறைமுகங்களை அடைத்துவைக்க, அதை மீறிப் பட்டினி கிடந்த ஊர்களுக்குத் தானியம் கொண்டுபோய் இவர்கள் கொழுத்தார்கள். அப்படிப் பணம் பண்ணிய ஹைட்ரா கேப்டன்களில் ஒருவர் ஆந்த்ரேயாஸ் மியாவுலிஸ். 1821-இல் விடுதலைப் போர் வெடித்தபோது இதே சரக்குக் கப்பல்களில் பீரங்கி ஏற்றி அவர் கடற்படைத் தலைவரானார். இன்று ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் கம்பெனிகள் வரிசையாக இருக்கும் கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர்தான்: அக்டி மியாவுலி.

போர் இந்தத் தீவுகளை வறுமையில் தள்ளியது. ப்சாரா 1824-இல் அழிக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டு முன் கியோஸ் தீவில் நடந்த படுகொலை அங்கிருந்த வணிகக் குடும்பங்களைச் சிதறடித்தது. ஏற்கெனவே வெளியே கால் பதித்திருந்தவர்களுக்குச் சொந்தங்கள் ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தன: லண்டன், மார்சே, ஒடெசா, அலெக்ஸாண்ட்ரியா. ராலி சகோதரர்கள் 1851-இல் கல்கத்தாவில் கடை திறந்து சணல் வணிகத்தில் இறங்கினார்கள். உழவர்களுக்குப் பூச்சிமருந்து விற்கும் ராலிஸ் இந்தியா, இன்று டாடா குழுமத்தில் இருப்பது, அந்தக் கியோஸ் குடும்பத்தின் பெயரைத்தான் இன்னும் வைத்திருக்கிறது.

அடுத்த தலைமுறையில் பெரிய பெயர் கெஃபலோனியாவின் வலியானோ சகோதரர்கள். ஒருவர் அஸோவ் கடலோரத் தகன்ரோக்கில் கோதுமை வாங்கினார், ஒருவர் லண்டனில் விற்றார். லண்டனில் இருந்த பனாயிஸ் வலியானோ மற்ற தீவுக்காரர்களுக்கு நீராவிக் கப்பல் வாங்கக் கடன் கொடுத்தார். பாய்மரத்திலிருந்து நீராவிக்கு மாற முடியாமல் எத்தனையோ ஊர்களின் கடல் தொழில் செத்துப்போன காலம் அது. நீராவிக் கப்பலின் விலை ஊர்ப் பங்காளிகளால் தாங்கக்கூடியதல்ல. கிரேக்கர்கள் தப்பித்ததற்குக் காரணம், லண்டனில் அவர்கள் மொழி பேசுகிற, அவர்கள் அப்பாவைத் தெரிந்த ஒரு பணக்காரர் உட்கார்ந்திருந்தது. (சட்டம் படித்தவர்களுக்கு இவரை வேறு விதமாகத் தெரிந்திருக்கும். 1891-ஆம் ஆண்டின் பேங்க் ஆஃப் இங்கிலாந்து எதிர் வலியானோ வழக்கு இவர் கம்பெனியுடையதுதான். ஒரு குமாஸ்தா போலி உண்டியல் சீட்டு எழுதி வங்கியில் பணம் எடுத்ததில் வந்த வழக்கு, நம் நீதிமன்றங்களும் மேற்கோள் காட்டுவது.)

20-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் ஒரே மாதிரிக் கதை மறுபடி மறுபடி நடக்கிறது. சந்தை விழும்போது மற்றவர்கள் விற்கிறார்கள், இவர்கள் வாங்குகிறார்கள். 1930-களின் மந்தத்தில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தள்ளிவிட்ட பழைய கப்பல்களை ஆண்ட்ரோஸ், கியோஸ், காசோஸ் தீவுக் குடும்பங்கள் வாங்கிப் போட்டன. இரண்டாம் உலகப்போரில் அந்தக் கப்பல்களில் பத்துக்கு ஏழுக்கு மேல் மூழ்கின. 2,000-க்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்தார்கள். கையில் மிஞ்சியது காப்பீட்டுப் பணமும் கொஞ்சம் ஓட்டைக் கப்பல்களும்.

அங்கேதான் லிபர்டி கப்பல்கள் வருகின்றன. போருக்காக அமெரிக்கா 2,700-க்கும் மேல் கட்டித்தள்ளிய, மணிக்கு 11 கடல்மைல் ஓடும், 10,000 டன் சுமக்கும் அவலட்சணமான சரக்குக் கப்பல்கள். போர் முடிந்ததும் அவற்றில் 100-ஐ 1946-47-இல் கிரேக்க முதலாளிகளுக்கு அமெரிக்கா விற்றது. ஒன்று சுமார் 5.5 லட்சம் டாலர். கால் பங்கு முன்பணம், மீதிக்குக் கிரேக்க அரசு ஜாமீன். உள்நாட்டுப் போரில் திண்டாடிக்கொண்டிருந்த ஓர் அரசு தனியார் குடும்பங்களின் கப்பலுக்கு ஜாமீன் போட்டது என்பதைக் கவனியுங்கள். தொழிலதிபர்கள் தங்கள் சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்லும் கதைகளில் இந்த ஜாமீன் பெரும்பாலும் வராது. பிறகு இன்னும் நூற்றுக்கணக்கான லிபர்டிகளைச் சந்தையில் வாங்கினார்கள். மூன்று நான்கு நடை ஓடிய வருமானத்தில் அடுத்ததற்கு முன்பணம். லிபர்டி வகைக் கப்பல் ஒன்றைப் பிரேயஸில் இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

கிரேக்கக் கப்பல் முதலாளிகளிலேயே உலகறிந்த பெயரான ஒனாசிஸ் எங்கே என்று கேட்பீர்கள். அந்த 100 கப்பல்களில் அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் தீவுக் குடும்பம் இல்லை. ஸ்மிர்னாவில் பிறந்து, 1922-இல் ஊர் எரிந்தபின் அகதியாகி, அர்ஜென்டினாவில் புகையிலை விற்று மேலே வந்தவர். பழைய குடும்பங்கள் அவரைத் தங்களில் ஒருவராக எண்ணவில்லை. அவரும் அவருடைய போட்டியாளரான நியார்கோஸும் எண்ணெய்க் கம்பெனிகளின் நீண்டகால வாடகை ஒப்பந்தத்தை வங்கியில் காட்டி, அதை ஈடாக வைத்து, டேங்கர்கள் கட்டினார்கள். 1954-இல் சவூதி அரசோடு எண்ணெய் ஏற்றும் தனி ஒப்பந்தம் ஒன்றை ஒனாசிஸ் போட, கோபப்பட்ட எண்ணெய்க் கம்பெனிகள் அவர் டேங்கர்களை ஒதுக்கிவைத்தன. பல கப்பல்கள் வேலையில்லாமல் நின்றன. 1956-இல் சூயஸ் அடைபட்டது. ஆப்பிரிக்காவைச் சுற்ற எல்லோருக்கும் கப்பல் வேண்டும், சும்மா நின்றவை ஒனாசிஸுடையவை. வாடகை ஏறியது, வாரி எடுத்தார். இதைத் தொலைநோக்கு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அதிர்ஷ்டம். அவர் திருமணங்களைப் பற்றி வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். கிரேக்கக் கப்பல் தொழிலின் மாதிரி அவரல்ல. பெயரே வெளியே தெரியாத தீவுக் குடும்பங்கள்தான்.

வரி விஷயத்தைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1953-இன் 2687-ஆம் எண் சட்டம் வெளிநாட்டு முதலீட்டுக்குக் கொடுத்த பாதுகாப்பில் கப்பல்களும் அடங்கும். 1975-இன் 27-ஆம் எண் சட்டம் லாபத்துக்கு வரி போடாமல் கப்பலின் டன்னையும் வயதையும் வைத்து வரி போடுகிறது. எவ்வளவு சம்பாதித்தாலும் அதே தொகை. இந்த இரண்டுக்கும் அரசியலமைப்பின் 107-ஆவது பிரிவே காவல், சாதாரணச் சட்டத்தால் தொட முடியாது. கடன் நெருக்கடியில் ஓய்வூதியம் வெட்டப்பட்ட மக்கள் இதைப் பார்த்துக் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. 2013-இல் முதலாளிகள் தாங்களாகவே டன் வரியை இரட்டிப்பாகக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். மறுபக்கமும் உண்டு: நெதர்லாந்து 1996-இலும், பிரிட்டன் 2000-இலும், இந்தியா 2004-இலும் இதே மாதிரி டன் வரியைக் கொண்டுவந்தன. வரியைக் கூட்டினால் நாளை காலையே அலுவலகம் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்விடும் என்பது வெறும் மிரட்டல் அல்ல.

தொழிலின் சூட்சுமம் ஒன்றுதான். குறித்த நாளில் குறித்த துறைமுகம் என்று பேருந்து மாதிரி ஓடும் கண்டெய்னர் லைனர் தொழிலுக்குப் பெரிய அமைப்பு வேண்டும். அதில் டேனிஷ், சுவிஸ், சீனக் கம்பெனிகள் ஆள்கின்றன. கிரேக்கர்கள் பிடித்துக்கொண்டது பல்க்கும் டேங்கரும். வாடகை இன்று ஆகாயத்தில், நாளை பாதாளத்தில். உலர்சரக்கு வாடகையைக் காட்டும் பால்டிக் குறியீடு 2008 மே மாதம் 11,793-ஐத் தொட்டது, அதே ஆண்டு டிசம்பரில் 663. ஏழு மாதம்கூட ஆகவில்லை! இப்படிப்பட்ட சந்தையில் காலாண்டுக் கணக்குக் காட்ட வேண்டிய கம்பெனி பதறி விற்கும். குடும்பக் கம்பெனியில் அப்பாவும் மகளும் சாப்பாட்டு மேசையில் முடிவெடுத்தால் போதும். ஜெர்மனியில் வரிச்சலுகைக்காகப் பல் மருத்துவர்களும் ஆசிரியர்களும் பணம் போட்ட கப்பல் நிதிகள் 2008-க்குப் பின் வரிசையாகக் கவிழ்ந்தன. வங்கிகள் கைப்பற்றி விற்ற அந்தக் கப்பல்களை யார் வாங்கினார்கள் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. 1980-களின் மந்தத்தில் எலெஃப்சினா விரிகுடாவில் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டுத் துருப்பிடித்தபோதும், நொடித்தவர்களிடமிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கியவர்கள்தான் பின்னால் பெரியாளானார்கள். இதில் தோற்று மறைந்த கிரேக்கக் குடும்பங்களும் ஏராளம். அவற்றைக் கணக்கில் எடுக்காமல் வென்றவர்களை மட்டும் பார்த்து ‘கிரேக்க மூளை’ என்று சொல்வது சரியல்ல.

அசிங்கமான பக்கமும் இதே முறையிலிருந்துதான் வருகிறது. 2002-இல் ஸ்பெயினின் கலீசியா கரைக்கு அப்பால் பிளந்து மூழ்கிய பிரெஸ்டீஜ் டேங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 26 வயதான கப்பல், உள்ளே சுமார் 77,000 டன் கனஎண்ணெய். சொந்தக் கம்பெனி லைபீரியாவில் பதிவு, நடத்தியது கிரேக்கக் கம்பெனி, கொடி பஹாமாஸ், தகுதிச் சான்று அமெரிக்க நிறுவனம். கரை முழுக்க எண்ணெய் படிந்தபோது சிறைக்குப் போனவர் வயதான கிரேக்க கேப்டன். 2022 டிசம்பரில் ரஷ்ய எண்ணெய்க்குப் பீப்பாய் 60 டாலர் என்று மேற்கு நாடுகள் உச்சவிலை வைத்த பிறகு, அந்த வரம்புக்குள் எண்ணெய் ஏற்றிச் சம்பாதித்தவர்களிலும், பழைய டேங்கர்களை முகம் தெரியாதவர்களுக்கு நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவர்களிலும் கிரேக்கர்கள் முன்னணி.

மாலுமிகள் மாறிவிட்டார்கள். மேலதிகாரிகளில் இன்னும் கிரேக்கர்கள் உண்டு, ஆனால் கப்பலில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். இந்தியர்கள், உக்ரைன்காரர்களும் இருக்கிறார்கள். 2024-இல் யேமனின் ஹூதிகள் நடத்திய செங்கடல் தாக்குதல்களில் அடிபட்ட ட்ரூ கான்ஃபிடன்ஸ், டியூட்டர் கப்பல்கள் இரண்டுமே கிரேக்க நிர்வாகத்தில் ஓடியவை. அவற்றில் செத்த நால்வரில் மூவர் பிலிப்பைன்ஸ், ஒருவர் வியட்நாம்.

துறைமுகமும் பழையபடி இல்லை. பிரேயஸின் கண்டெய்னர் முனையங்களை 2009-இல் சீனாவின் காஸ்கோ குத்தகைக்கு எடுத்தது. 2016-இல் துறைமுக நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கையே வாங்கிவிட்டது. கிரேக்க முதலாளிகள் கப்பல் கட்டக் கொடுப்பதும் பெரும்பாலும் சீன, கொரியக் கட்டுதளங்களில்தான்.

இந்த முறை இன்னும் எத்தனை தலைமுறை ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. லிபர்டி காலம்வரை ஒரு தீவுப் பையன் மாலுமியாகி, கேப்டனாகி, மாமன் மச்சான் பணத்தோடு ஒரு பழைய கப்பலில் பங்கு வாங்கி முதலாளியாக முடிந்தது. இன்று ஒரு புதிய பெரிய டேங்கர் 12 கோடி டாலருக்கு மேல். அந்த வாசலில் இனி எந்தக் கேப்டனும் நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் லண்டனில் படித்துவிட்டு நேராக அலுவலக நாற்காலிக்கு வருகிறார்கள்.